ஒரு பிள்ளைக்கான பால்

ஏழாம் மாதம் முடிந்த சில நாட்களிலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன. இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பத்தாம் நாள் என்னை மட்டும் தாராவிக்கு அனுப்பிவிட்டார்கள். வெறுங்கையோடு சந்துக்குள் நுழைந்தேன்.

வாசலிலேயே என் வீட்டுக்காரரின் அக்காள், என் மதினி, கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "யாரு கேட்டாலும் ஒத்தப் புள்ளைன்னு சொல்லு. ரெட்டைன்னு மூச்சு விட்டுராத. ஊர்க் கண்ணு பட்டா ரெண்டும் தங்காது." என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோல் பட்டறையில் பத்துப் பேரை அதட்டுகிற மனுஷன், அக்காள் முன்னால் வாய் திறக்க மாட்டார். அவரைச் சொல்லி என்ன, நானும் சரியென்றுதான் தலையாட்டினேன். முழுகாமல் இருப்பதையே ஐந்தாம் மாதம் வரை வெளியில் சொல்லாத ஆட்கள் நாங்கள்.

எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. எதிர்வீட்டுக்காரிக்கு மூன்று மாதக் கைப்பிள்ளை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். வாய் கொஞ்சம் நீளம். விஷயம் தெரிந்ததும் அவளே வந்தாள். "ஏளா, ஒம் புள்ளைக்கு நான் தாரேன். எம் பயலுக்குப் போக மிச்சம் கெடக்கு." தினமும் காலையில், வெந்நீரில் கழுவிய மருந்துப் புட்டியில் பீச்சித் தருவாள். நான் பஸ் பிடித்து ஓடுவேன். நர்ஸ் என் பாலையும் அதையும் சேர்த்து, இங்க் பில்லர் மாதிரி ஒன்றால் இரண்டு வாயிலும் சொட்டுச் சொட்டாக விடுவாள்.

பெரியவள் எப்படியோ சமாளித்துக்கொண்டாள். சின்னவளுக்கு நாளுக்கு நாள் எடை இறங்கியது. பவுடர் பால் கொடுத்துப் பார்த்தார்கள், அத்தனையையும் கக்கிவிட்டாள். ஒருநாள் தராசிலிருந்து அவளைத் தூக்கிய மராட்டி நர்ஸ், புட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினாள். "பச்சா தோ ஹை, தூத் ஏக் கா லாத்தி ஹோ!" பிள்ளை இரண்டு, பால் மட்டும் ஒன்றுக்கா? எங்கள் பொய் அவளுக்குத் தெரியாது. ஆனால் சரியாகத்தான் கேட்டாள். இப்படியே போனால் சின்னது இன்னும் நாலு நாள் தாங்காது என்றும் சொன்னாள்.

பஸ்ஸில் ஏறும்போது மதினி மேல் இருந்த கோபம், தாராவியில் இறங்கும்போது என் மேலேயே திரும்பியிருந்தது. கண்ணுக்குப் பயந்து பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள் நான்தானே! வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே குழாயடிக்குப் போனேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு ரெட்டைப் புள்ள. ரெண்டுக்கும் பால் பத்த மாட்டேங்கு" என்றேன்.

எதிர்வீட்டுக்காரி குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். "அடி பாவி! மாரு கட்டி வலிக்குன்னு தெனமும் சாக்கடையில பீச்சி ஊத்துனேனேளா! ஒரு வார்த்த சொன்னியா? எங் கண்ணு என்ன கொள்ளிக் கண்ணா?"

அடிக்காத குறைதான்.

மறுநாள் காலையில் இரண்டு புட்டி வந்தது. மதினி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் புட்டிகளை அவளே கொதிக்க வைத்தாள். சின்னவளின் எடை ஒரு வாரம் அசையாமல் நின்று, பிறகு மெல்ல ஏறியது.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டு பேரையும் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மதினி அவர்கள் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்தாள். பாயில் கிடந்த இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒளிச்சு வச்சது எவளை?"

சின்னவளைக் காட்டினேன். அவள் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு, மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

"குடி தாயி. ஒம் பங்கத்தான் நான் சாக்கடைக்குக் குடுத்துட்டேன்."

மதினி பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் நான் ஓவென்று அழுதேன்.