கோதை உத்தரவு கேட்ட கிடா

திருமானூர் பக்கத்து ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கால்நடை டாக்டர் கோதை போய்விட்டாள். மாரடைப்பு. உடனே பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஐஸ் பெட்டியில் கலக்கிய மருந்து இருந்தது. "கலக்கின மருந்து காத்திருக்காதுடி, மத்ததெல்லாம் காத்திருக்கும்" என்பாள் கோதை. அழுகையை விழுங்கிக்கொண்டு, அடுத்த ஆட்டைப் பிடிக்கச் சொன்னேன்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவள் தொண்டை தெரியும். ஆட்டுக்கொல்லி நோய் என்றால் போதும், ஊர் நடுவில் நின்று கத்துவாள். "செம்மறி மூக்கொழுகிட்டு நிக்கும், பெரும்பாலும் தேறிடும். அதே கிருமி வெள்ளாட்டுக்குள்ள போனா வாய் புண்ணாகி, கழிஞ்சு கழிஞ்சு சாஞ்சிடும். நோவு தெரியறதுக்கு முன்னாடியே ஆடு அதைப் பரப்பிடும்!"

சில வருஷங்களுக்கு முன்னால் இதே ஊரில்தான் அந்தக் கூத்தும் நடந்தது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மட்டும் ஊசி கூடாது, சாமி ஆட்டில் குறை படக் கூடாது என்றார் பூசாரி. கோதைக்குச் சுர்ரென்று ஏறியது. "அதைத்தாங்க யாரும் விரட்ட மாட்டீங்க. எல்லாப் பட்டியிலயும் புகுந்து எல்லாத் தொட்டியிலயும் வாய் வைக்கும். அதுக்குப் போடலைன்னா ஊருக்கே ஆபத்து."

யாரும் அசையவில்லை. அந்த ஊரில் ஆடு வளர்க்கும் அஞ்சலை மட்டும் தவித்துக்கொண்டு நின்றார். முந்தைய தடவை கொல்லி வந்து அவர் பட்டியே காலி. மறுபடி ஆடு வாங்கி, இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. அவற்றுக்கு ஊசி போடும் வயதாகவில்லை. கிடாவோ தினமும் அவர் வாசலில்தான் கஞ்சித் தண்ணீர் குடிக்கும்.

கோதை சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "சரி, சாமியையே கேட்டுடுவோம். தண்ணி தெளிங்க. கிடா சிலுப்புச்சுன்னா போடுறேன். இல்லைன்னா பேசாமப் போயிடுறேன்."

வெட்டுவதற்கு முன்னால் கேட்கிற உத்தரவு அது. ஊசிக்குக் கேட்டவள் இவள் ஒருத்திதான். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா அசைபோட்டுக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை தெளித்தார். ம்ஹூம். சொன்ன சொல் தவறாமல் கோதை பெட்டியை மூடினாள். முகம் செத்துப்போயிருந்தது.

அஞ்சலை விடுவிடுவென்று வந்தார். இடுப்புக் குடத்தை அப்படியே கிடாவின் முதுகில் கவிழ்த்தார். கிடா சிலுப்பிய சிலுப்பில் பூசாரியின் வேட்டி நனைந்தது. "ஆத்தா சொல்லிட்டாடா!" என்று அவரே சிரித்துவிட்டார். கோதை ஊசியைப் போட்டாள்.

அந்த வருஷம் சுற்றுப்பட்டு ஊர்களில் கொல்லி வந்தது. அஞ்சலையின் குட்டிகள் பிழைத்தன.

கோதையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் "சாமி ஆடு எங்க?" என்பேன். போன் வந்த அன்று அது மேயப் போயிருந்ததால் கடைசியில்தான் வந்தது. இந்த வருஷத்துக் கிடா. கோதை போன செய்தி அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லாமலே அஞ்சலை குடத்தோடு வந்து ஊற்றினார். கிடா சிலுப்பியது. என் முகமெல்லாம் தண்ணீர்.

"அழுவுறதுன்னா இப்ப அழுதுக்குங்க டாக்டரம்மா. யாருக்கும் தெரியாது."

ஊசியைப் போட்டுவிட்டு அழுதேன்.