காரிடாரில் உட்கார வைத்த பையர்

1. ஹோட்டல்

மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. ஜெயந்தி.

"இன்னா ஷீலாக்கா, பையர்னு கூப்ட்டு வெளிய காவலுக்கு உக்கார வெச்சிட்டீங்க? உள்ள போகக்கூடாதாமே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயந்தியை அழைத்தது நான். பெயர் அட்டை அடித்து வைத்ததும் நான்.

பெங்களூரில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் வர்த்தக அலுவலகத்தில் நான் டிரேட் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். கே.ஜி.எஃப். தங்கவயலில் உள்ள ஊரிகத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். அது எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. அந்த நாட்டு மக்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் பொருளாதாரம் படுத்துப்போய், பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்று, அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்தார்கள். ஏற்றுமதி நடந்தால்தான் டாலர் வரும். விற்பவருக்கு வாங்குபவரைத் தேடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. வேறு வேலையே இல்லை.

அன்று ஹோட்டலில் நடந்தது பையர் செல்லர் மீட், வாங்குபவரும் விற்பவரும் நேரில் சந்திக்கும் கூட்டம். அந்த நாட்டிலிருந்து தொழிற்சாலைக்காரர்கள் சாம்பிளோடு வந்திருந்தார்கள். ஜெயந்தி எங்கள் ஊர்ப் பக்கம் ராபர்ட்சன்பேட்டையில் சின்ன யூனிட் நடத்துகிறவள். அங்கே, ஆசிட்டில் புழங்கும் முலாம் பூசும் பட்டறை, கெமிக்கல் கம்பெனி ஆட்களுக்கு ரப்பர் ஏப்ரனும் முழங்கால் பேடும் தைக்கிறார்கள். நல்ல ரப்பர் ஷீட் கிடைக்காமல் அவள் ஆர்டர்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் அலுவலகத்துக்கு எத்தனையோ மெயில் போட்டிருக்கிறாள். ஒன்றுக்கும் பதில் போகவில்லை. கடைசியில் எங்கள் ஊர் சர்ச்சில் வைத்து என்னைப் பார்த்துக் கேட்டாள். அப்படித்தான் எனக்கே தெரிந்தது. மெயில் பெட்டி செகரட்டரியின் கையில் இருந்தது.

வெளியே ஓடினேன். யூனிட்டுக்கு லீவு விட்டு, முதல் ரயிலைப் பிடித்து வந்தவள், காரிடாரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து செகரட்டரியைக் கேட்டேன். அவர் அந்த நாட்டு அதிகாரி, எங்கள் அலுவலகத்துக்குத் தலைவர். இங்கிலீஷில்தான் பேசுவார்.

"ஷீலா, இன்று அம்பாசிடர் வருகிறார். முன் வரிசையில் பெரிய கம்பெனிகள் தெரிய வேண்டும். கே.ஜி.எஃப்.பில் என்ன இருக்கிறது? மூடிப்போன சுரங்கம்தானே?"

என் அப்பா அந்தச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். "அங்கே வாங்கும் ஆள் இருக்கிறார் சார்" என்றேன். அதற்குள் அவர் அம்பாசிடரை வரவேற்கப் போய்விட்டார்.

உள்ளே பெரிய கம்பெனிகளின் லட்சணம் என்ன தெரியுமா? முடிவெடுக்கும் ஆள் ஒருவரும் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதமான பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் டீத்தூள் பாக்கெட் வைத்த பையை வாங்கிக்கொண்டார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். ரப்பர் ஷீட் தயாரிக்கும் டேனியல் என்பவர், சாம்பிளை அடுக்கி வைத்துக்கொண்டு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் தொழிற்சாலையில் ஒரு உற்பத்தி லைனை நிறுத்திவிட்டு, பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இந்த மீட்டை நம்பித்தான் வந்திருந்தார்.

"சார், உங்க பையர் வெளியே உட்கார்ந்திருக்காங்க. வாங்க" என்று இங்கிலீஷில் சொல்லி, சாம்பிளோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜெயந்தி ஷீட்டை மடித்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம், "பாக்க நல்லாத்தான் கீது. ஆசிட்ல போட்டுப் பாக்காம நான் எப்டிக்கா சொல்றது?" என்றாள். அதையே அவரிடம் கே.ஜி.எஃப். இங்கிலீஷில் சொன்னாள்.

டேனியல் கேட்டார்: "நாளைக்கு நான் உங்கள் யூனிட்டுக்கு வரலாமா?"

2. ராபர்ட்சன்பேட்டை

மறுநாள், அந்த நாட்டிலிருந்து வந்த டெலிகேட்டுகளுக்கு மைசூர் அரண்மனை பார்க்கும் புரோகிராம். டேனியல் போகவில்லை. செகரட்டரி என்னைக் கூப்பிட்டு, "அனுமதி இல்லாமல் டெலிகேட்டை வெளியூர் கூட்டிப்போகக் கூடாது" என்றார். நான் லீவு எழுதிக் கொடுத்தேன். என் ஊருக்கு நான் போகிறேன், கூட ஒரு விருந்தாளி வருகிறார். இதற்கு யார் அனுமதி வேண்டும்?

ஜெயந்தியின் யூனிட்டில் ஆசிட் தொட்டியில் துண்டுகளைப் போட்டு வைத்தார்கள். தடியான ஷீட் விறைத்துப் போனது. மெல்லியது அப்படியே இருந்தது. அங்கே தைக்கும் ஒரு அக்கா மெல்லிய ஷீட்டில் ஏப்ரன் வெட்டிக் கட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது சரியா வரும் ஜெயந்தி" என்றார்.

ஆனால் டேனியல் ஒரு முழு கன்டெய்னருக்குக் குறைவாக அனுப்ப முடியாது என்றார்.

"கன்டெய்னர் நெறைய வாங்கி நான் எங்க வெக்கிறது? ஊரிகம் ஸ்டேஷன்லயா?" என்றாள் ஜெயந்தி. நான் மொழிபெயர்த்ததும் டேனியல் சிரித்துவிட்டார். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

இந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை. மாலூரிலும் ஓசூரிலும் இதே ஷீட் தேவைப்படும் யூனிட்டுகளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அடுத்த சில நாட்களும் போட்டேன். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கன்டெய்னரைப் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற சான்றிதழை டேனியல் வாங்கி அனுப்பினால் இங்கே சுங்க வரி குறையும் என்பதையும் சொன்னேன். இரண்டு பேருக்குமே அது தெரியாது. எங்கள் அலுவலகம் யாருக்காவது சொன்னால்தானே தெரியும்? இதற்கு மேடை தேவையில்லை, குத்துவிளக்கு தேவையில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளையும், சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட்டையும் டேனியல் பார்த்துக்கொண்டே வந்தார். "சுரங்கம் மூடியபோது உங்களுக்கு உதவ யார் வந்தார்கள்?" என்று ஜெயந்தியைக் கேட்டார்.

"போட்டோ எடுக்க எல்லாரும் வந்தாங்க சார்" என்றாள்.

3. ரிவ்யூ மீட்டிங்

கன்டெய்னர் வந்தது. அடுத்ததும் வந்தது. டேனியல் நிறுத்தி வைத்த லைனை ஓட்டி, வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்.

சில மாதம் கழித்து அவர்கள் நாட்டு வர்த்தக அமைச்சகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ரிவ்யூவுக்கு வந்தார். செகரட்டரி ஸ்லைடு போட்டார். 'கர்நாடகத்துக்கு ரப்பர் ஏற்றுமதி: நமது பையர் செல்லர் மீட்டின் வெற்றி'. கீழே படம். மேடையில் அம்பாசிடரும் அவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"மேடம், இந்த ஷீட்டை வாங்கினவங்க இந்தப் படத்தில் இல்லை. படம் எடுத்தப்போ அவங்க காரிடாரில் இருந்தாங்க. உள்ளே விடலை."

"ஷீலா, உட்காருங்கள்" என்றார் செகரட்டரி.

"அவர் பேசட்டும்" என்றார் அந்த அம்மா.

எல்லாம் சொன்னேன். மெயிலுக்குப் பதில் போகாததைச் சொன்னேன். மைசூர் அரண்மனையைச் சொன்னேன். "உங்க நாட்டில் வேலை போனவங்க இருக்காங்க. இங்கே பொருள் கிடைக்காதவங்க இருக்காங்க. நடுவில் நாங்க டீத்தூள் பை கொடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "என்ன செய்ய வேண்டும்?"

பொருள் கேட்டு வருகிற விசாரணைகளுக்குப் பதில் சொல்ல மட்டுமே ஓர் ஆள் வேண்டும் என்றேன். ஹோட்டல் மீட்டுகளைக் குறைத்துவிட்டு, அந்த ஆளை யூனிட்டுகள் இருக்கும் ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். அந்த வேலையை என்னிடமே கொடுத்தார். செகரட்டரி அதற்குப் பிறகு என்னோடு நேரில் பேசவில்லை. பியூன் மூலம் சொல்லி அனுப்புவார். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

4. அதற்குப் பிறகு

ரிட்டயர் ஆகும்வரை அந்த விசாரணை டெஸ்க்கில் இருந்தேன். இப்போது அந்த நாடு நிமிர்ந்துவிட்டது. அலுவலகம் கண்ணாடி மாளிகைக்கு மாறிவிட்டது. டெஸ்க்கை எடுத்துவிட்டார்கள். சின்ன விசாரணைகளை வெப்சைட் பார்த்துக்கொள்ளுமாம்.

ஜெயந்தி சொன்னாள்: "அக்கா, போன் பண்ணா மிஷின் பேசுது. கஷ்டத்துல இருந்தப்ப மட்டும் நாம வேணுமா அவங்களுக்கு?"

அவளுக்கும் டேனியலுக்கும் இனி யாரும் தேவையில்லை. நேராகவே வியாபாரம் பண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் போன வாரம் பங்காருபேட்டையிலிருந்து மாம்பழக்கூழ் செய்யும் ஒருவர் என்னைத் தேடி வந்து, அந்த நாட்டிலிருந்து பாட்டில் வாங்க யாரைப் பார்ப்பது என்று கேட்டார். எங்கே அனுப்புவேன் அவரை? எனக்குத் தெரிந்த இரண்டு பாட்டில் தொழிற்சாலைகளின் நம்பரைக் கொடுத்தேன். சம்பளம் வாங்காத நான் கொடுக்க முடிந்ததை, சம்பளம் வாங்குகிறவர்கள் கொடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்கிறவர் சின்ன ஆளா பெரிய ஆளா என்று எடை போடாதீர்கள். பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது சொல்லுங்கள், அவர் வேறு வழி பார்ப்பார். பதில் சொல்லாமல் இருப்பதற்கு நமக்கு யாரும் சம்பளம் தரவில்லை.