முழு நிமிஷம்

மோதிரத்தைக் கழற்றிப் பேனாவில் மாட்டிவைக்கிறார். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். குழந்தையின் சட்டையை அக்குள்வரை தூக்கிவிட்டு, இடது மணிக்கட்டைத் திருப்பி மார்புக்கு அருகே கொண்டுபோகிறார். கடிகாரத்தை அவர் உள்பக்கம் பார்க்கக் கட்டியிருக்கிறார். நொடிமுள்ளும் குழந்தையின் மார்பும் ஒரே பார்வையில் விழ வேண்டும். கண்ணை நகர்த்தினால் ஒரு மூச்சு தவறிவிடும். எல்லாம் சரியான பிறகுதான் சொல்கிறார்: "ஒரு நிமிஷம்."

மற்ற அலுவலகங்களில் இந்தச் சொல்லுக்குக் கால் மணி நேரம் என்று பொருள். இரண்டாம் மாடியில் இருக்கும் இந்தக் குழந்தைகள் கிளினிக்கில் அது அறுபது நொடி. ஐம்பத்தொன்பதில் அவர் நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. முன்மேசை நர்ஸுக்கு நிமிஷக்கா என்று பேர் வைத்தது அம்மாக்கள்தான். டாக்டரும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எண்ணும்போது அவர் உதடு அசைவதில்லை. வலது கையின் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். பக்கத்தில் தொலைபேசி அடித்தாலும், திரைக்கு அப்பாலிருந்து டாக்டரே கூப்பிட்டாலும் பதில் வராது. புதிதாக வருகிறவர்கள் அவருக்குக் காது மந்தம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பேருந்தில் எதிரே யாராவது தூங்கினால் போதும், மணிக்கட்டு தானாகத் திரும்பிவிடும். அதனால் இறங்கவேண்டிய நிறுத்தத்தை எத்தனையோ முறை விட்டிருக்கிறார். "பாதியில விட மனசு வரமாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு தூங்குறப்ப பதினாலு. நான் எண்ணுறேன்னு தெரிஞ்சா மூச்சைப் பிடிச்சுக்குவாரு, வம்புக்காரரு."

சளி என்று வரும் எல்லாக் குழந்தைக்கும் இந்த நிமிஷம் உண்டு. இரண்டு விதம் விலக்கு. "மூணு மாசம்கூட ஆகலை, காய்ச்சலா? இதுல நான் எண்ண ஒண்ணுமில்ல, உள்ள போங்க." உதடு நீலமாக இருந்தாலும் அதேதான். வாக்கியம் முடியும் முன்பே திரையை விலக்கிப் பிடித்திருப்பார்.

மற்றவர்களுக்கு எண்ணிக்கையோடு நாலு கேள்வி. பால் எப்பவும் போலக் குடிக்கிறதா? நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறதா? டயபர் எத்தனை நனைந்தது? கடைசியாக எப்போது சிரித்தது? கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் காத்திருப்பார். ஒருநாள் ஒரு அம்மா, "நெஞ்செல்லாம் கர்ர்ருங்குது அக்கா, பயமா இருக்கு" என்று படியேறி ஓடிவந்தாள். பத்து மாதப் பிள்ளை. நிமிஷம் முடிந்தது. முப்பத்தாறு. இந்த வயதுக்கு ஐம்பதைத் தொட்டால்தான் கவலை. அதற்குள் பிள்ளை நிமிஷக்காவின் அடையாள அட்டையைப் பாதி தின்றிருந்தான்.

"சத்தம் மூக்குலதாம்மா. என் போட்டோவையே முழுங்கப் பார்க்கிறான், இவனுக்கா பயப்படுறீங்க? வரிசையில உக்காருங்க, டாக்டர் பார்ப்பாரு. வீட்டுக்குப் போன பிறகு பால் குறைஞ்சாலோ மூச்சு வாங்கினாலோ எனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு நிக்காதீங்க. நேரா தூக்கிட்டு வந்துடுங்க."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

இதை ஒரு இளைஞன் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கருவிகளைச் சரிபார்ப்பவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியோடு வந்து, எடை மேடையையும் ஆக்சிஜன் மீட்டர்களையும் சோதித்து, தேதி போட்ட சீட்டை ஒட்டிவிட்டுப் போவான். மீட்டரைச் சோதிக்க அவனிடம் ஒரு ரப்பர் விரல் உண்டு. அதில் தொண்ணூற்றேழு என்று வைத்தால் மீட்டர் தொண்ணூற்றேழு காட்ட வேண்டும். "என்ன தம்பி, உங்க விரலுக்குச் சளி எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் நிமிஷக்கா கேட்பார். "தேவலை அக்கா" என்பான். எண்ணிக்கையை நம்புகிற இரண்டு பேர் என்ற அளவில் அவர்களுக்குள் ஒரு ஒட்டுதல் இருந்தது.

இந்த முறை அவன் பெட்டியோடு மகளையும் கொண்டுவந்திருந்தான். ஐந்து மாதம். மார்போடு கட்டிய துணிப்பையில் கிடந்தாள். மனைவி வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது.

"மூணு நாளா சளி, இருமல். காட்ட வரலை அக்கா, வேலைக்கு வந்தேன். இன்னைக்கு ரொம்பச் சமத்து. பஸ்ல ஒரு தடவைகூட அழலை."

நிமிஷக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இருமுறாளா?"

"நேத்து நிறைய. இன்னைக்குக் குறைஞ்சுடுச்சு."

"பால்?"

"காலையில பாதி பாட்டில். தூக்கக் கலக்கம்."

"டயபர்?"

அவன் யோசித்தான். எழுந்ததும் மாற்றியதற்குப் பிறகு நனையவில்லை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

நிமிஷக்கா மோதிரத்தைக் கழற்றினார்.

"நான் எண்ணிட்டேன் அக்கா" என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பதினஞ்சு செகண்டுக்குப் பதினொண்ணு. நாலால பெருக்கினா நாப்பத்திநாலு. அம்பதுக்குக் கீழதான். மீட்டரும் வெச்சுப் பார்த்தேன், தொண்ணூத்தஞ்சு."

"மீதி நாப்பத்தஞ்சு செகண்ட் அவ என்ன செஞ்சா?"

அவன் கையில் வரும் இயந்திரங்கள் எல்லாம் சீராக ஓடுபவை. கால் நிமிடம் பார்த்தால் மிச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம். பெருக்கல் அவனுக்குப் பழக்கம்.

"பிள்ளைங்க மூச்சு ஒரே மாதிரி ஓடாது தம்பி. ஓடும், நிக்கும், திரும்ப ஓடும். சட்டைக்கு மேலதானே எண்ணுனீங்க? பையிலேருந்து எடுங்க. அழ விடாதீங்க. ஒரு நிமிஷம்."

அவர் கைபட்டும் குழந்தை கண் திறக்கவில்லை. கட்டைவிரல் முதல் கணுவில் நின்றது. நகர்ந்தது. அவனும் கடிகாரத்தைப் பார்த்தான். பதினைந்து நொடியில் பதினொன்று. அவன் எண் சரிதான். ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

பிறகு கட்டைவிரல் வேகமெடுத்தது.

அப்போதுதான் அவன் கடிகாரத்தை விட்டு மகளைப் பார்த்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் குழிந்து உள்ளே போனது. மூக்கின் ஓரங்கள் விரிந்து விரிந்து மூடின. சட்டைக்கு அடியில் அவ்வளவு சின்ன உடம்பு இத்தனை உழைப்பு உழைத்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து உண்மைதான். அந்த எண்ணைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள அவள் படும் பாட்டை அவனுடைய மீட்டர் காட்டவில்லை. அழுவதற்கு மூச்சு மிச்சமில்லை. அதைத்தான் அவன் சமத்து என்றான்.

இரண்டு மாதம் முன்பு அவன் அம்மா இறந்தபோதும் அவன் கட்டில் அருகேதான் இருந்தான். மானிட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் திரை எட்டு நொடிகளின் சராசரியைக் காட்டும் என்பது அவனுக்குத் தெரியும். அம்மா போனது திரைக்குத் தெரிய எட்டு நொடி ஆயிற்று. அவனுக்கும் அவ்வளவு ஆயிற்று.

நிமிஷக்காவின் கண்கள் இமைக்கவில்லை. வரிசையில் ஒருவர் தும்மினார். தொலைபேசி அடித்து ஓய்ந்தது. முன்மேசையைச் சுற்றி இருந்த எல்லாச் சத்தமும் அவரைத் தொடாமல் விலகிப் போனது போல் இருந்தது. ஒருவர் இன்னொருவரை இவ்வளவு முழுதாகப் பார்ப்பதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் கையாண்ட கருவிகளில் இப்படி ஒன்று இல்லை.

நிமிஷம் முடிந்தது. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வரிசையைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார். டாக்டரின் திரையை விலக்கி உள்ளே போனார்.

"அஞ்சு மாசம். அறுபத்திரண்டு. விலா உள்ள இழுக்குது. பால் பாதி. டயபர் காய்ஞ்சு கிடக்கு."

டாக்டர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். மார்பில் குழல் வைத்துக் கேட்டார். ஆக்சிஜன் முகமூடி வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போனது. எல்லாம் ஆறு நிமிடத்துக்குள்.

"நுரையீரல்ல சின்னச் சின்ன மூச்சுக்குழாய் எல்லாம் வீங்கியிருக்கு. வார்டுல வெச்சுப் பார்க்கணும். நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர்.

"நான் காட்ட வரலை டாக்டர்" என்றான் அவன். அது மட்டும்தான் சொல்ல வந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிஷக்கா இரண்டு முறை எண்ணினார். முகமூடியோடு ஐம்பத்தெட்டு. பிறகு ஐம்பத்தாறு. இரண்டையும் தேதியும் மணியும் போட்டு ஒரு சீட்டில் எழுதி, குழந்தையைச் சுற்றிய துண்டில் ஊக்கால் குத்திவிட்டார். அவன் மீட்டரில் ஒட்டும் சீட்டைப் போலவே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அவன் திரும்பி வந்தான். விட்டுப்போன பெட்டி முன்மேசைக்கு அடியிலேயே இருந்தது. பாதியில் நின்ற வேலையை முடிக்க வேண்டும். சவரம் செய்திருக்கவில்லை.

"எப்படி இருக்கா?"

"நேத்து முகமூடியை எடுத்துட்டாங்க. ராத்திரி முழு பாட்டில் குடிச்சா. காலையில அவங்க அம்மா மூக்கைப் பிடிச்சு இழுத்தா. முழு நிமிஷம் எண்ணினேன் அக்கா. முப்பத்தெட்டு."

"சட்டையைத் தூக்கிட்டா?"

"தூக்கிட்டுத்தான்."

"பெருக்கலையே?"

"இல்ல அக்கா."

நிமிஷக்கா வாய்விட்டுச் சிரித்தார். "விரலுக்குச் சளி எப்படி இருக்கு?" என்றார். அவன் "தேவலை" என்று சொல்லப் போனான். "எங்கம்மா சாகுறப்ப நான் திரையைத்தான் அக்கா பார்த்துட்டிருந்தேன்" என்று வந்துவிட்டது.

வரிசையில் அன்று யாரும் இல்லை. அவன் குனிந்து பெட்டியைத் திறந்தான். ரப்பர் விரலை எடுத்து மீட்டரில் மாட்டினான். திரையில் எண் வருவதற்குக் காத்திருந்தான். நெடுநேரம் வராதது போல் இருந்தது. நிமிர்ந்தான்.

நிமிஷக்கா மோதிரத்தைக் கழற்றிப் பேனாவில் மாட்டிவைத்திருந்தார். இடது மணிக்கட்டு திரும்பியிருந்தது. கண்கள் அவன் சட்டைமேல் இருந்தன. வலது கையில் கட்டைவிரல் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு நகர்ந்தது.

அவன் அசையாமல் நின்றான்.