மாமி கட்டிய தியேட்டர்

என் அம்மா சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டரில் தாதியாக இருந்தார். ஆகவே எங்கள் வீட்டில் தியேட்டர் என்றால் பச்சை உடுப்பு, முகக்கவசம், வேலை முடிந்து வரும் அம்மாவின் கையில் அடிக்கும் மருந்து மணம். லண்டனில் இருக்கும் அப்பாவின் அக்கா, என் மாமி, தியேட்டர் கட்டுகிற ஆர்க்கிடெக்ட் என்று அம்மா பெருமையாகச் சொல்லும்போது கேட்டவர்கள் நினைத்ததும் அந்தத் தியேட்டரைத்தான். எங்களுக்குத் தெரிந்த தமிழர்களில் பாதிப்பேர் டொக்டர்கள், மற்றப் பாதி அவர்களோடு வேலை செய்தவர்கள். "மச்சாள் இங்கிலாந்து முழுக்கத் தியேட்டர் டிசைன் பண்ணியிருக்கிறா" என்றதும் அவர்கள் மரியாதையோடு தலையை ஆட்டுவார்கள். அம்மா பொய் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாமி கட்டியவை நாடக அரங்குகள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கப் போனவர் லண்டனிலேயே தங்கிவிட்டார். கூடப் படித்தவர்கள் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது, மூடிக்கிடந்த மீன் சந்தை ஒன்றை நாடக அரங்காக மாற்றித் தரும்படி ஒரு சின்ன நாடகக் குழு மாமியிடம் வந்தது. அதைச் செய்து முடித்த பிறகு வேறு எந்த வேலையிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. கடலோரப் பட்டினங்களில், சுரங்கம் மூடிப்போன ஊர்களில், மழை ஒழுகிய பழைய அரங்குகளை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு போனார். விருதுகள் வந்தன. பத்திரிகைகளில் படம் வந்தது. எங்கள் உறவுக்குள் மட்டும் அவர் படித்த படிப்பை வீணாக்கியவர் என்றொரு பேச்சு இருந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மாமி சிட்னிக்கு வந்தார். பரமட்டாவுக்குப் பக்கத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு நாடக அரங்கு பூட்டிக் கிடந்தது. அதைத் திருத்தித் திறப்பதற்குத்தான் அவரை அழைத்திருந்தார்கள். வந்த வாரமே அம்மா ஒரு விருந்து வைத்தார். அம்மாவோடு வேலை செய்யும் சத்திரசிகிச்சை டொக்டர் அங்கிள்தான் முக்கிய விருந்தாளி. அவர் இடியப்பத்தைப் பிசைந்தபடி, மிகுந்த அக்கறையோடு மாமியைக் கேட்டார்.

"உங்கட தியேட்டர் ஒண்டில ஒரே நேரத்தில எத்தினை பேரை வைக்கலாம்?"

"இந்த முறை ஒரு எண்ணூறு பேர்" என்றார் மாமி.

அங்கிளின் கை நின்றது. "எண்ணூறு பேரையோ? எல்லாரும் மயக்கத்திலயோ?"

"நாடகம் நல்லா இருந்தால் ஒருத்தரும் மயங்க மாட்டினம்" என்றார் மாமி.

முதலில் அங்கிள்தான் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா மட்டும் சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை.

அது பள்ளி விடுமுறைக் காலம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதால் மாமி என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அரங்குக்குப் போனார். வெளியே வெயிலில் மங்கிய ஒரு சாதாரணக் கட்டடம். உள்ளே போய் மாமி விளக்கைப் போட்டார். சிவப்பு இருக்கைகள், பொன் பூச்சு உதிர்ந்த தூண்கள், தலைக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாடங்கள். இதைக் கட்டியவர் ஒரு ஆங்கிலேயர், எங்கே இருந்தாலும் மேடையில் பேசுவது கேட்கும்படி கட்டியிருக்கிறார் என்றார் மாமி.

"பிள்ளை, ஆக மேல தெரியுதே, அதுதான் கலரி. அங்க ஏறிப் போய் நில். நான் மேடையில நிண்டு கதைக்கிறன், கேக்குதோ எண்டு சொல்லு."

நான் முன்மண்டபத்துக்கு ஓடினேன். அங்கே அகலமான படிக்கட்டு முதல் மாடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே சுவர்தான் இருந்தது. திரும்பி வந்து வழி கேட்டபோது, வெளியே போய் இடப்பக்க ஒழுங்கையால் வா என்றார். அந்தச் சந்துக்குள் பக்கத்துக் கடையின் குப்பைத் தொட்டிகள். அவற்றைத் தாண்டி ஒரு ஒடுங்கிய இரும்புக் கதவு. அதற்குள் வெளிச்சமே இல்லாத செங்குத்தான சீமெந்துப் படிகள், கைபிடிக்க ஒரு கயிறு. சுவரைத் தடவித் தடவி ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து பார்த்தால், உட்கார வெறும் பலகை வாங்குகள். மேடையில் மாமி ஒரு விரல் அளவுக்கு நின்றார்.

"என்ன குஞ்சு, பயந்துபோனியோ?" என்று அவர் மெல்லக் கேட்டது என் காதுக்குள் சொன்னதுபோல் இருந்தது.

"நோ மாமி! ஐ கேன் ஹியர் யூ!" என்று கத்தினேன்.

கீழே இறங்கிப் போவதற்கும் வேறு வழி இல்லை. திரும்பவும் அதே இருட்டுப் படி, அதே ஒழுங்கை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து வந்த என் தலையைத் தன் சால்வையால் துடைத்துக்கொண்டே, ஏன் மேலே போக வேறு வாசல் என்று நான் கேட்டதற்கு மாமி பதில் சொன்னார்.

"மலிவு டிக்கற் வாங்கின சனத்தை மற்ற ஆக்கள் காணக்கூடாதாம். அதுக்காகத்தான் வேற வாசல். நானும் லண்டனில படிக்கேக்க இப்பிடி ஒழுங்கையால ஏறித்தான் நாடகம் பாத்தனான்."

எனக்கு அது நல்ல வசதியாகத்தான் பட்டது. ஒரு இரகசிய வாசல் இருப்பது எவ்வளவு நல்லது!

மாமியின் திட்டம் எளிதானது. மேடையையோ மாடங்களையோ தொடப்போவதில்லை. முன்மண்டபத்துச் சுவரை உடைத்து அந்த அகலமான படிக்கட்டைக் கலரி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். எண்ணூறு பேரும் ஒரே வாசலால் வரவேண்டும். நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. குழுவின் தலைவி வெள்ளை முடியும் கைத்தடியுமாக இருந்த ஒரு வயதான அம்மையார். அந்த அரங்கை இடித்துக் கடைத்தொகுதி கட்டவிருந்தவர்களோடு வருடக்கணக்காகப் போராடி அதைக் காப்பாற்றியவர். பழைய கட்டடத்தின் ஒரு செங்கல்லையும் அசைக்க விடமாட்டேன் என்றார். சுவரை உடைத்தே தீருவேன் என்றால் வேறு ஆர்க்கிடெக்டைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"விட்டுக் குடுங்கோவன் அக்கா. ஒரு சுவர்தானே?" என்றார் அப்பா.

"ஓமடா, ஒரு சுவர்தான்" என்றார் மாமி. பிறகு மாமி லண்டன் திரும்பும் டிக்கற்றை முந்திய நாளுக்கு மாற்ற முடியுமா என்று தொலைபேசியில் விசாரித்ததை நான் கேட்டேன்.

கடைசிக் கூட்டத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். குழுவினர் மேடைக்கு முன்னால் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமி உட்காரவில்லை. இன்றைய கூட்டத்தைக் கலரியில் வைத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவி கைத்தடியை ஊன்றி எழும்பி முன்மண்டபப் பக்கம் நடந்தார்.

"அதால போகேலாது" என்று நான் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். "நான் வழி காட்டுறன்."

நான் முன்னால் போக, கோட்டுப் போட்ட கனவான்களும் சீமாட்டிகளும் என் பின்னால் ஒழுங்கைக்குள் வந்தார்கள். யாரோ ஒருவர் தேங்கி நின்ற தண்ணீரில் காலை வைத்துவிட்டார். இரும்புக் கதவுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார்கள். தலைவி ஒரு கையில் கயிற்றையும் மறுகையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். இடையில் நின்று மூச்சு வாங்கினார். கீழே காத்திருக்கும்படி மாமி சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

மேலே வந்து பலகை வாங்கில் உட்கார்ந்தவர் நெடுநேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயதிலிருந்து இங்கே வருகிறேன். ஒருநாளும் இந்தக் கலரிக்கு ஏறி வந்ததில்லை" என்றார் கடைசியில். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "என் அம்மா கலியாணத்துக்கு முன்பு ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு நின்றவர். இங்கே பார்த்த நாடகங்களை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். அவர் எந்த வாசலால் வந்தார் என்று நான் யோசித்ததே இல்லை."

மாமி நல்ல பேச்சாளர். இங்கிலாந்தில் பெரிய சபைகளில் பேசியவர். அன்றைக்குப் பேசுவதற்கென்று ஆயத்தப்படுத்தி வந்த எதையும் அவர் பேசவில்லை. தலைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சுவரை உடைக்கும் தீர்மானம் அந்த வாங்குகளிலேயே நிறைவேறியது.

திறப்பு விழா நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மாமி அதற்காகவே லண்டனிலிருந்து வந்திருந்தார். அம்மா தன் ஆஸ்பத்திரியில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "ஒப்பரேஷன் தியேட்டர் இல்லை, நாடகத் தியேட்டர்! என்ர மச்சாள் கட்டினது!" என்று தாதிமாரிலிருந்து கட்டில் தள்ளுகிறவர் வரைக்கும் சொல்லி டிக்கற் வாங்க வைத்தார். காஞ்சிபுரம் சேலையோடு வாசலில் நின்று, தன் சொந்த வீட்டுக் கலியாணம் மாதிரி எல்லோரையும் வரவேற்றார். டொக்டர் அங்கிள் குடும்பத்தோடு வந்து, தூண்களையும் கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதைப்போல ஒண்டை எங்களுக்கும் கட்டித் தந்தால் நோயாளியள் வீட்டை போகமாட்டினம்" என்றார்.

முன்வரிசையில் நகரபிதாவுக்கும் தலைவிக்கும் நடுவில் மாமிக்கு இருக்கை. முதல் மணி அடித்தது. மாமி அங்கே இல்லை. இரண்டாவது மணியும் அடித்தது. தலைவி திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் எழும்பி ஓடினேன்.

மாமி முன்மண்டபத்தில், படிக்கட்டுக்கு எதிர்ப்புறம், ஒரு தூணில் சாய்ந்து நின்றார். பிந்தி வந்தவர்கள் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நகையும் பட்டுமாக வந்தவர்கள் முதல் மாடத்தில் பிரிந்து போனார்கள். மற்றவர்கள் அதே படியில் மேலே போனார்கள். வேலை உடுப்போடு வந்த ஒருவர், குழந்தையைத் தூக்கிய ஒரு பெண், பள்ளிச் சீருடையில் ஒரு கூட்டம். ஏறும்போது சனங்கள் கைபிடியைத் தடவிப் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள், மேலே நின்று கீழே கையசைத்தார்கள். மாமியை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மாமியின் முகம் அழுவதுபோலவும் இருந்தது, சிரிப்பதுபோலவும் இருந்தது.

எனக்கு ஒரே பதற்றம். உள்ளே இவ்வளவு பெரிய மனிதர்கள் காத்திருக்க, இவர் இங்கே வழியில் நிற்கிறாரே!

"மாமி, கெதியா வாங்கோ! தொடங்கப்போகுது!"

மாமி படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"தொடங்கீட்டுது பிள்ளை. நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

நான் கதவு இடுக்கால் உள்ளே எட்டிப் பார்த்தேன். மேடையில் திரை இன்னும் மூடித்தான் இருந்தது. பாவம், மாமிக்கு வயது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.