பண்ருட்டி பிளாட்பாரத்தில் ஒரு லீக்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பண்ருட்டி ரயில்வே ஸ்டேஷனில் ஒரு மனிதர் ஒரே கத்தலில் இருநூறு பேரை ஓட வைத்தார்.

வெடிகுண்டுப் புரளியா? இல்லை. மாடு மிரண்டதா? அதுவும் இல்லை. இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, "லீக்! லீக்! எல்லாரும் பின்னால போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள், செருப்பை விட்டுவிட்டு ஓடினவர்கள், ஓடிக்கொண்டே செல்போனில் படம் எடுத்தவர்கள்...

அந்த மனிதரோடுதான் நான் இருபத்தெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். என் வீட்டுக்காரர் பெயர் சுப்பையா. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிறவி. எங்கள் மகள் காலேஜில் முதல் மார்க் வாங்கிவிட்டாள் என்று நான் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னபோது, "சரி" என்றார். ஒரே ஒரு 'சரி'!

அப்படிப்பட்டவர் பதினைந்து நாளாக வீட்டில் தரையில் நடக்கவில்லை. காரணம், எங்கள் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு செய்தி. பழைய காலத்து நீராவி என்ஜின் ஒன்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, நாலு பெட்டி மாட்டி, மெயின் லைனிலேயே ஓட்டப் போகிறார்களாம். விழுப்புரத்தில் கிளம்பி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் வழியாகச் சிதம்பரம் வரை. ஒரே ஒரு நாள். திரும்பும்போது டீசல் என்ஜின்தான் இழுத்துவரும்.

"வசந்தா, எல்லாத்தையும் வெளியில வச்சு ஓட்டறாங்க! வெளியில!" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எதை வெளியில் வைத்து?

பிறகு விளக்கினார். மின் நிலையத்தில் நீராவி கண்ணுக்கே தெரியாதாம். பெரிய பெரிய குழாய்க்குள்ளே ஓடும். குழாய்க்கு மேலே மெத்தை மாதிரி உறை. இவர் உட்கார்ந்திருப்பது கன்ட்ரோல் ரூமில். அழுத்தம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று திரையில் நம்பர் ஓடும். இவர் நம்பரைப் பார்ப்பார். அது டர்பைனைச் சுற்றி, கரண்ட் ஆகி, எந்த ஊரிலோ யார் வீட்டு மிக்ஸியிலோ சட்னி அரைக்கும்.

"அப்ப நீங்க ஸ்டீமைப் பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன். நாலஞ்சு தடவை. வெள்ளையா கண்ணுக்குத் தெரிஞ்சா அது லீக். உடனே கத்தணும், ஆளுங்களை வெளியேத்தணும், ஓடணும். நின்னு பாக்கறதுக்கு அது என்ன குத்தாலமா?"

சொல்லிவிட்டு, வாட்ஸ்அப் செய்தியை இன்னொரு தடவை திறந்து பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அது வேலை செய்யறதை ஒரு தடவை நின்னு பாத்துடணும். ரிட்டயர் ஆயிட்டா எனக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" என்றார்.

முப்பத்தொரு வருஷம் பந்திக்குச் சமைத்துப் போட்ட மனுஷர், ஒருநாள் இலையில் உட்கார ஆசைப்படுகிறார். விடலாமா?

எதிர் வீட்டு சவரிமுத்துவைப் பிடித்தேன். மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷின் ஓட்டுகிறவர். நெல்லிக்குப்பத்துக்காரர். பத்து வயசான கார் ஒன்று வைத்திருக்கிறார். அதை எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான கார் என்றே சொல்லலாம்.

"இன்னாக்கா இது, கேக்கணுமா? நம்ம வண்டியிலயே பூடலாம். ஆனா ரெண்டு மணிக்கு எனக்கு செகண்ட் ஷிஃப்ட். கடலூரைத் தாண்டி ஒரு அடி நவுர மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை இரவு இவருக்கு நைட் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு முடியும். ஒன்பது மணிக்கு ரயில் பண்ருட்டியில். தாராளமாக நேரம் இருக்கிறது அல்லவா? ஆறு மணிக்கே இட்லி டப்பாவோடு நானும் சவரியும் தெர்மல் கேட்டில் காத்திருந்தோம்.

ஆறரை... ஏழு... ஏழரை... ஆளைக் காணோம்!

ரிலீவர் வரவில்லை. ஷிஃப்ட் குடும்பங்களுக்கு இது தெரியும். அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து நாற்காலியில் உட்காரும் வரை இவர் எழுந்திருக்க முடியாது. வீடே பற்றி எரிந்தாலும் முடியாது. ரிலீவர் வராமல் எழுந்து வருவது, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை மணையை விட்டு எழுந்து போவது மாதிரி. கடைசியில் ரிலீவர் எட்டு மணிக்கு வந்தார். வழியில் பைக் பஞ்சராம்.

"நல்லா நாலு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன், காரில் ஏறியவரிடம்.

"பாவம், வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்திருக்காரு. காபி வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். இவரைக் கட்டிக்கொண்டு என்னதான் செய்வது?

சவரி காரை ஓட்டினாரா, மண் வெட்டினாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். பண்ருட்டி போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். ஸ்டேஷன் வாசலிலேயே விசில் கேட்டது. ஐயோ... அந்தச் சத்தம்! வயிற்றுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி வேறு. ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போனோம். இதோ, கறுப்பாக, பளபளவென்று, மூச்சு வாங்கிக்கொண்டு... என்ஜின்! இவர் தலையை நிமிர்த்தினார். சரியாக அந்த நொடியில் வண்டி கிளம்பியது. அடியிலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று வெள்ளையாகப் பீறிட்டது நீராவி.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

முப்பத்தொரு வருஷப் பழக்கம் அது. மூளை யோசிப்பதற்குள் வாய் கத்திவிட்டது. என்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். ஒரு ரயில்வே போலீஸ்காரர் வந்து தோளைப் பிடித்து, "சார்... சார்... அது அப்படித்தான் சார் வரும்!" என்று சொல்லி நிறுத்தியபோது, கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் ஒரு டீசல் என்ஜின், ஒருவேளை முன்னது மூச்சு விட மறந்தால் தள்ளிவிடுவதற்காக.

பார்க்க வந்தவர் பார்க்கவில்லை. சுற்றிலும் ஒரே சிரிப்பு. இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சார், மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்காதீங்க. கடலூர்ல தண்ணி புடிக்க நிக்கும். ஏறுங்க!" என்றார் சவரி.

துரத்தினோம்!

நாங்கள் மட்டுமா? ரோடு முழுக்கத் துரத்தல்தான். பைக்கில் மூன்று பேர், மொபெட்டில் புருஷன் பெண்டாட்டி, வேன் கூரையில் ஒரு கூட்டம். கடலூர் பஸ் ஒன்று ஸ்டாப்பில் நிற்காமல் போனது. பாசஞ்சர்கள் சண்டை போடவில்லை, கை தட்டினார்கள்! நான் ஜன்னலில் தலையை விட்டு "போங்க சவரி, போங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். நானா அது?

நெல்லிக்குப்பம் நெருங்கும்போது கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புகை எழுந்தது. "அதோ!" என்றார் இவர். "நின்னுடுச்சு. கரி போடறாங்க. அந்தச் சந்துல திருப்பு சவரி!"

"சார், அது எங்க ஊரு சர்க்கரை ஆலை. பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்கறேன்."

"முப்பத்தொரு வருஷம் புகை பாக்கறவன்கிட்ட சொல்றியா? திருப்புப்பா!"

திருப்பினார். கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றோம். எதிரே நின்றது சர்க்கரை ஆலை. ரிவர்ஸ் எடுக்கும்போது சவரி லேசாக இருமினார்.

வெளியே வந்தால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கண்ணெதிரே அதே ரயில்தான் போயிற்று. ஆனால் எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி. அதன் தலைக்கு மேலே புகை மட்டும் ஊர்ந்து போனதைப் பார்த்தோம்.

"புகையைத்தான் தினம் பாக்கறேனே" என்றார் இவர், யாரிடமும் இல்லாமல்.

கடலூர் முதுநகர் ஜங்ஷன். இதை விட்டால் இல்லை. மணி பத்தேமுக்கால். ஓடிப் போய்ப் பார்த்தால்... நிற்கிறது! தீயணைப்பு வண்டியிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

எண்ணெய்க் கேனோடு கீழே இறங்கிய டிரைவர், முகமெல்லாம் கரி, எங்களைக் கடந்து போனவர் நின்று திரும்பினார்.

"சார்... பண்ருட்டியில கத்தினது நீங்கதானே?"

"அவரேதான்!" என்றார் சவரி, அவ்வளவு சந்தோஷமாக.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெர்மல்ல பாய்லர் பாக்கறேன் சார். முப்பத்தொரு வருஷம். வெள்ளையா வந்ததும் என்னை அறியாம..."

டிரைவர் சிரிக்க வாயெடுத்தவர், சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கயிற்றுக்கு மேலே நீட்டினார். "பாய்லர்காரன் கத்தலைன்னாதான் சார் தப்பு. கிளம்பறப்ப சிலிண்டர்ல தங்கின தண்ணியை வெளியில விடுவோம். அந்தச் சத்தம்தான் அது. இப்பவும் விடுவேன். அந்த விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கமா நில்லுங்க, ஒண்ணும் ஆகாது. இந்தத் தடவை ஓடாம நில்லுங்க சார்."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார் என் வீட்டுக்காரர். கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் என் கையை. இருபத்தெட்டு வருஷத்தில் நாலு பேர் எதிரில் இவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"நான் ஓடினா புடிச்சு இழு வசந்தா."

விசில் அடித்தது. இவர் விரல்கள் என் விரல்களை நெரித்தன. 'உஸ்ஸ்ஸ்ஸ்!' ஒரு கால் பின்னால் போனது. இழுத்தேன். கால் திரும்பி வந்தது. அப்புறம் எல்லாமே வெள்ளை. வெதுவெதுவென்று, ஈரமாக, எண்ணெயும் கரியும் கலந்த வாசனையோடு எங்கள் மேல் வந்து கவிந்தது. எனக்குச் சவரி தெரியவில்லை, கூட்டம் தெரியவில்லை. சக்... சக்... சக்... என்று தரை மட்டும் அதிர்ந்தது.

வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. ஆஹா! என் உயரத்துக்குச் சக்கரங்கள், அவற்றைப் பிடித்துத் தள்ளும் இரும்புக் கைகள், முன்னும் பின்னும், முன்னும் பின்னும்... இப்படி ஒரு அழகா? சந்தோஷத்தில் இவர் பக்கம் திரும்பினேன்.

மூக்குக் கண்ணாடிச் சில் இரண்டும் பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தன.

"துடைங்க! கண்ணாடியைத் துடைங்க! போயிட்டிருக்குங்க!"

அசையவில்லை. நானே பிடுங்கிச் சேலைத் தலைப்பில் தேய்த்து மாட்டிவிட்டேன். அதற்குள் என்ஜின் வளைவில் திரும்பிவிட்டது. பின்னால் தள்ளிக்கொண்டு போன டீசல்தான் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு துரத்திக்கொண்டு வந்தும் போயிற்றே! "ஒண்ணுமே தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல" என்றார். முகமெல்லாம் நீர்த்துளி. அத்தனையும் நீராவி இல்லை என்று எனக்குத் தெரியும். சட்டைக் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மேல பட்டுது வசந்தா."

"என்ன?"

"முப்பத்தொரு வருஷமா அதுகூடவே இருக்கேன். ஒரு தடவை மேல பட்டிருந்தா ஆள் இருந்திருக்க மாட்டேன். இன்னிக்குப் பட்டுது. வெதுவெதுன்னு... கைக்குழந்தை மூச்சு மாதிரி."

சவரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இட்லி ஆறிப்பூடுச்சிக்கா" என்றார்.

அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போட விடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல ஷிஃப்டுக்குப் போய் நம்பர் பார்த்துவிட்டு வந்தார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நம்மில் எத்தனை பேர் செய்த வேலை நம் மேல் வந்து பட்டிருக்கிறது? தபாலைப் போட்டுவிட்டுப் போகிறவர் அதைப் படிப்பவர் முகத்தைப் பார்த்திருப்பாரா? தொட்டில் கம்பி செய்தவர் அதில் தூங்கிய குழந்தையை? ஏன், வாரா வாரம் இதை எழுதுகிறேனே... நீங்கள் படித்துச் சிரித்ததை ஒருநாளாவது கண்ணால் பார்த்திருக்கிறேனா?

இந்த வாரம் சிரித்திருந்தால், இருக்கிற இடத்திலிருந்தே ஒரு விசில் அடியுங்களேன்... ஓடாமல் நிற்கிறேன்!