எர்சிராவின் காதில் விழுவது

சாவுச் செய்தி கொண்டுவரும் படகு கண்ணில் படும் முன்பே எர்சிரா கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கரையில் வந்து நின்றுவிடுவாள். படகுக்காரன் இன்னார் போய்விட்டார், ஜெபம் சொல்ல வாருங்கள் என்று வாய் திறப்பதற்குள், "தெரியும், நகரு" என்று ஏறி உட்காருவாள். போனது யார் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அதை வழியில்தான் கேட்பாள்.

உபதேசியார் பெலார்மினோ அவளுக்கும் முன்னாலேயே வந்து பாறைமேல் உட்கார்ந்திருப்பார். கிழவருக்குத் தூக்கம் பிடிக்காது, அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சிலோவே கடலில் சிதறிக் கிடக்கிற சின்னத் தீவுகளில் அவர்களுடையதும் ஒன்று. கடல் வழிவிட்டால் பங்குச்சாமியார் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். கோவிலைத் திறப்பவர் அவர், சாகக் கிடக்கும் சிசுவுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுபவர் அவர், இறந்தவர் வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் நடத்துபவரும் அவரே. பக்கத்துத் தீவுகளின் உபதேசியார்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவருக்கு எண்பத்தொன்று. எர்சிராவுக்கு நாற்பத்து நான்கு. அவர் முதல் பாதி சொன்னால் மறுபாதி சொல்லுகிறவள் அவள். புத்தகம் வேண்டாம், அத்தனையும் மனப்பாடம்.

பிழைப்பு என்றால் கடற்பாசிதான். நீர் உள்வாங்கியதும் குனிவாள், திரும்பி வந்தால்தான் நிமிருவாள். கோழிகளுக்குப் புனிதர்களின் பெயரை வைத்திருக்கிறாள். அதனால் ஒன்றையும் அறுக்க மனசு வருவதில்லை. "லூசியாளை எப்படி அறுக்கச் சொல்ற?" என்று கேட்டால் யாரால்தான் பதில் சொல்ல முடியும்?

பாசி எடுக்கும்போதுதான் அது வரும். ஆள் நடமாட்டமில்லாத பக்கத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து, "எர்சிரா" என்று ஒரே ஒரு தடவை. அந்த நேரம் கடற்பறவைகள் அத்தனையும் வாயை மூடிக்கொள்ளும். ஆண் குரலா பெண் குரலா என்று கேட்டால், "தண்ணி என்ன குரல்ல பேசும்? அப்படித்தான்" என்பாள். குரல் வந்து, இரண்டு நாழிகைக்குள் படகு வரும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஊரில் சூனியம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு நோல்பா நேருக்கு நேராகவே சொல்லிவிடுவாள். "எர்சிராக்கா, சால்வையோட எங்க வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பாக்காதீங்க. எங்க மாமியா இன்னும் கொஞ்ச நாள் திட்டிக்கிட்டு இருக்கட்டும்."

பயம் எர்சிராவுக்கும் இல்லாமலில்லை. கூப்பிடுவது யார் என்று தெரிய வேண்டாமா? பங்குச்சாமியார் தாமியானுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. கரையேறியதும் முதலில் வாந்தி எடுப்பார், பிறகுதான் ஆசீர்வாதம். அவர் வாய் கொப்புளித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"சாமி, அது ஆண்டவரா, வேற எதுவுமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கூப்பிடறப்ப பாக்காதீங்கம்மா. போன பிறகு உள்ள என்ன தங்குதுன்னு பாருங்க. பயம் தங்குதா, சமாதானமா?"

"பசி தங்குது சாமி. நாலு கிழங்கு அவிச்சுத் தின்னாத்தான் அடங்குது."

சாமியார் சிரித்துவிட்டார். "கெட்டது கூப்பிட்டா சோறு எறங்காதும்மா."

அது போதும் அவளுக்கு. ஆண்டவர்தான் என்று ஆகிவிட்டது. ஆண்டவர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் மடத்துக்கு அல்லாமல் வேறு எதற்குக் கூப்பிடுவார்? அதன் பிறகு சாவுகள் வந்துகொண்டேதான் இருந்தன. மடத்துக்குப் போகும்வரை சும்மா இருக்காமல் ஜெபம் சொல்லு என்கிறார் என்று அவளே அர்த்தம் சொல்லிக்கொண்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. காஸ்த்ரோ நகரத்து மடத்துக்கு மூன்று தடவை ஆள் அனுப்பிக் கேட்டாள். வயசாகிவிட்டது என்று மூன்று தடவையும் மறுத்தார்கள். இந்தக் குளிர்காலத்தில்தான் இறங்கி வந்தார்கள். சமையற்கட்டில் ஒரு வருஷம் இருந்து பார்க்கட்டும், திருவிழாவுக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. உபதேசியாரிடம் சொன்னபோது அவர், "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

போகிற நாள் காலையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. லிசார்தோவின் மோட்டார் படகில் ஏறி, வாழ்நாளில் முதல் தடவையாக வாங்கிய தோல் செருப்பு போட்ட காலை நனையாமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். நோல்பா புகைபோட்ட சிப்பிகளைக் கோத்து ஒரு சரமாகக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "மடத்துல பட்டினி போட்டா இதத் தின்னுங்க. கேட்டா ஜெபமாலைன்னு சொல்லிடுங்க."

பறவைகள் சட்டென்று அடங்கின.

எர்சிரா நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா நோல்பா? கூட்டிக்கிட்டுப் போக வந்து கூப்பிடுது."

நோல்பா சிரிக்கவில்லை. வழியனுப்ப வந்து கரையில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். வேறு எந்தத் தீவிலிருந்தும் படகு வரும் சத்தமில்லை.

பனிக்குள்ளிருந்து பெலார்மினோ மெதுவாக இறங்கி வந்தார். அந்தக் கரையில் எல்லோருக்கும் கடைசியாக அவர் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"உபதேசியாரே, இப்பத்தான் கூப்பிட்டுச்சு" என்றாள் எர்சிரா.

"அப்படியா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கியது. "நாப்பது வருஷமா எனக்கும் கேக்கும்மா. வலது காதுல. சொன்னா இந்த நோல்பா கேலி பண்ணுவான்னு சொல்லல."

அவர் எர்சிராவின் பக்கம் திரும்பினார்.

"எந்தச் சாவுக்கும் உனக்கு முன்னாலயே வந்து உக்காந்திருப்பேனே, எப்படின்னு நெனச்ச?"

"இன்னைக்கு?" என்று கேட்டாள் எர்சிரா.

"இன்னைக்குக் கேக்கல."

இன்றைக்கு மழை இல்லை என்பதுபோலத்தான் சொன்னார். ஜெபம் சொல்லப் போகிறவரைத்தான் அது கூப்பிடும், ஜெபம் யாருக்கோ அவரை அல்ல. கரையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

லிசார்தோ மோட்டாரின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். "அக்கா, தண்ணி வத்துது. இப்பப் போகலன்னா திருவிழாவுக்குள்ள சேர முடியாது, மடத்துல இடம் போயிரும். கிளப்பட்டுமா, வேணாமா?"

எர்சிரா படகின் விளிம்பைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். காஸ்த்ரோ இருக்கும் திசையில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு சிப்பிச் சரத்தை எடுத்து லிசார்தோவின் தோளில் மாட்டிவிட்டு, செருப்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். நேரே கிழவரிடம் நடந்தாள். அவர் சட்டை கழுத்தில் திறந்து கிடந்தது. அந்த மேல் பொத்தானை ஈரக் கையால் போட்டுவிட்டு, காலரை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள்.