அண்ணி எந்த ஆல்பத்தில் தொடங்குவது

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பவரை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அவர் மனைவிக்குத் தெரியாமல் ஒரு ராக் இசைக்குழுவை வைத்திருந்தார். மொட்டை மாடி மோட்டார் அறையில், ஹெட்போனில் மட்டும் கேட்பார்.

"மறைக்கலப்பா. இன்னும் அறிமுகப்படுத்தல, அவ்வளவுதான்."

அந்தக் குழு ஒன்பது ஆல்பங்கள் போட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாது. முதலாவதில் கிட்டார் காதைக் கிழிக்கும். மூன்றாவதில் குழந்தைகள் கூட்டமாகப் பாடுவார்கள். ஐந்தாவதில் யாரும் பாடுவதே இல்லை. ஆறாவதில் நாற்பத்தெட்டு நிமிடமும் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அண்ணனுக்கே அது ஆகாது. தப்பான ஆல்பத்தில் தொடங்கினால் அண்ணி மொத்தக் குழுவையும் வெறுத்துவிடுவார், அப்புறம் ஆயுசுக்கும் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று பயந்தார்.

"நீ படிச்சவன். எதுல ஆரம்பிக்கலாம்னு சொல்லு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையிலிருந்து வீட்டுப் பத்திரம் வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள். தெரியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. படித்தது புள்ளியியல் என்பதால், கணக்கெடுப்பு நடத்தலாம் என்றேன்.

லிஃப்ட் கூரையில் ஒரு ஸ்பீக்கர். நாளுக்கு ஓர் ஆல்பம். நான் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, வெளியே வருகிறவர்களின் முகத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவேன். மின்சாரம் போனாலும் கணக்கு கெடக்கூடாது என்று பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கரை மாட்டச் சொன்னதும் நான்தான். நான்காம் நாள் மேலாளர் லிஃப்டை விட்டு ஏழு மாடி படியேறினார். பூஜ்யம் போட்டேன். மருத்துவர் சொல்லித்தான் படியேறுகிறார் என்று பிறகு தெரிந்தது. நான் வாங்கிய பட்டம் இதற்குத்தானா என்று அன்று கொஞ்சம் யோசித்தேன்.

ஆறாம் நாள், வீட்டுச் சாவியை அண்ணன் கொண்டுவந்துவிட்டார் என்று அண்ணி வந்தார். நான் நோட்டிலிருந்து நிமிர்வதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது. மோட்டார் அறைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அண்ணி லிஃப்டுல ஏறிட்டாங்க."

"இன்னிக்கு எத்தனாவது ஆல்பம்?"

"ஆறு."

அண்ணன் உடனே மெயினை அணைத்துவிட்டார்.

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. தகரம் நிற்கவில்லை. பேட்டரியை அவர் மறந்தே போயிருந்தார். மெயினைத் திரும்பப் போட்டும் லிஃப்ட் அசையவில்லை. பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் மேலே ஏற்ற வேண்டும் என்றார். நான் படியேறி ஓடி, ஐந்தாம் மாடிக் கதவில் வாயை வைத்துக் கத்தினேன்.

"அண்ணி, பயப்படாதீங்க. இதை வச்சு முடிவு பண்ணிடாதீங்க, மூணாவது ரொம்ப நல்லா இருக்கும்."

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க. கேட்டுட்டு இருக்கேன்ல."

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது, கிரீஸ் கையோடு அண்ணன் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"அந்தக் குழுன்னா இது மட்டும் இல்லம்மா. இன்னும் எட்டு இருக்கு, எல்லாம் வேற மாதிரி."

அண்ணி ஒரு சட்டைத் தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர். "முப்பது தையல் மெஷின் ஓடும்போது, எது மக்கர் பண்ணுதுன்னு காதுலயே கண்டுபிடிக்கிறவ நான்," என்றார். "இதுல ஒண்ணுகூட மக்கர் பண்ணல. மத்த எட்டும் எதுக்கு? சாவியக் குடுங்க."

போன வாரமும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தகரம் முழங்கிக்கொண்டிருந்தது. சோபாவில் அண்ணி கண்ணை மூடி விரலால் தாளம் போட்டார். பக்கத்தில் அண்ணன், ஊசி போட வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி.

"எப்படிண்ணே போகுது?"

"ரெண்டாவது பாட்டு வரைக்கும் வந்துட்டேம்பா. மிச்சத்தை அவ சொல்லித் தரேன்னிருக்கா."

"பேசாம கேளுங்க, இந்த இடம் முக்கியம்," என்றார் அண்ணி கண்ணைத் திறக்காமல்.

பழக்கதோஷத்தில் அண்ணன் முகத்துக்கு மதிப்பெண் போட்டேன். பத்துக்கு நாலு. முந்தின வாரம் ரெண்டுதான்.